காலதர் அடைத்த கதை

சிறப்பு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, காப்பியச் சுவை, இலக்கண நயம் என்றாற்போன்ற பொருளொன்றையே அவர்கள் என்னிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் வேறு எதனைத்தான் எழுதப்போகிறான்? ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக என் மனத்தை விட்டகலாதிருப்பது ஒரு வீட்டு விடயம். வீட்டினுள்ளே காற்றுச் செல்லும் வழிகளைக் கூலி கொடுத்துத் துப்புரவு செய்விக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே அது. அற்பமான பொருள் என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. நம் பழைய மாணவருட் பலர் இன்று வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளில் வாழ்கின்றனர். இன்னும் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்போணிலும் வாழ்கின்றனர். இக்கேள்வி அவர்கள் வீட்டு வாயிலையும் ஒருநாள் தட்டும். என் வீட்டு வாயிலை அது தட்டியபொழுது நான் நடந்துகொண்ட முறை பெருமைக்குரியதன்று.

என் தாயார் கொட்டாஞ்சேனையில் வாழ்கிறார். பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கற்றிருப்பணி நடந்த காலத்துக்கு, அதாவது 1907க்கும் 1912க்கும் இடைப்பட்ட காலத்துக்கு, முற்பட்டது அவ்வீடு என்று என் பாட்டனார் சொல்லுவார். மெய்யோ பொய்யோ, வீடு பழையது என்பதற்கு ஐயமில்லை. தெருப்பக்கம் ஒடுங்கி, உள்ளே நீண்டு செல்லும் வீடு. நடுவே வானம் பார்த்த சிறு முற்றம். ஒவ்வொரு கதவுக்கு மேலும் மரத்தில் பூவேலை செய்த திறப்பு. அதற்கு மேலே, கூரையை அண்டிய சுவரில், வரிசையாகத் துவாரங்கள். சூடேறிய காற்று மேலெழுந்து அத்துவாரங்களால் வெளியேற, முற்றத்துக் காற்றுக் கீழே புகுந்து அவ்விடத்தை நிரப்பும். விசையும் வேண்டா, விசிறியும் வேண்டா. தைப்பொங்கலுக்கு முன்வரும் ஞாயிற்றுக்கிழமையில் என் பாட்டியார் நீண்ட கம்பொன்றில் விளக்குமாற்றைக் கட்டி அத்துவாரங்களைத் துடைப்பிப்பார். துடைப்பவன் நான். தலையிற் கொட்டும் தூசுக்கு அஞ்சி ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு கதிரைமீது நிற்பேன். எங்கள் குடும்பத்தின் காற்றுவழித் துப்புரவு அவ்வளவே.

2019ஆம் ஆண்டு சித்திரை மாத வெக்கையில் தாயாரின் உடல் தளர்ந்தது. ரொறன்ரோவில் வாழும் என் தமையனார் குளிரூட்டி பொருத்துமாறு பணம் அனுப்பினார். பொருத்த வந்த இளைஞன் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சேர், இந்த ஓட்டை எல்லாத்தையும் அடைச்சாத்தான் குளிர் நிற்கும்" என்றான். அவன் தொழிலளவில் அவன் சொன்னது சரியே. எனக்கோ வேறொரு காரணமும் இருந்தது. 2017இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டனர். எங்கள் தெருவிலும் அந்நோய் வீடு வீடாகப் புகுந்தது. துவாரம் என்றால் நுளம்பு வரும் வழி என்றே அக்காலத்தில் என் மனம் கண்டது. ஆகவே ஒரு சனிக்கிழமை முழுவதும் ஏணியில் நின்று, தாயாரின் அறையிலிருந்த திறப்புகள் அனைத்தையும் ஒட்டுப்பலகை வைத்து, விளிம்புகளில் சீமெந்து பூசி அடைத்தேன். கூலியாள் வைக்கவில்லை. என் கையாலேயே செய்தேன். தாயார் கீழே நின்று, "ஏன் தம்பி, ஒண்டையாவது விடன்" என்றார். "குளிர் போய்விடும் அம்மா" என்று நான் மறுமொழி சொன்னேன்.

அடுத்த ஆண்டின் மழைக்காலத்தில் இருமல் தொடங்கியது. இரவில், அதிலும் விடியற்புறத்தில், மூச்சு முட்டும். மருத்துவர் தொய்வு என்றார். உறிஞ்சும் மருந்து தந்தார். "அறை ஈரமா?" என்று அவர் ஒருமுறை கேட்டதும், "இல்லை, குளிரூட்டிய அறை" என்று நான் பெருமிதத்தோடு விடையளித்ததும் இப்பொழுது நினைவுக்கு வருகின்றன. அக்கேள்வியின் பொருளை உணர எனக்கு மேலும் ஓராண்டு சென்றது.

இந்த நிலையில் தமையனார் தொலைபேசியில், "காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்கினாயா? இங்கே எல்லாரும் செய்விக்கிறார்கள்" என்றார். அவர் வீட்டமைப்பு வேறு. கனடாவில் நிலவறையில் ஓர் உலை இருக்கும். அது சூடாக்கிய காற்றைத் தகரக் குழாய்கள் அறைதோறும் கொண்டுசெல்லும். தரையிலுள்ள கம்பித்தட்டின் வழியே அக்காற்று வெளிப்படும். கோடையில் அதே குழாய்களிற் குளிர்காற்று ஓடும். பல ஆண்டுத் தூசு அக்குழாய்களிற் படிவது இயல்பு. அதனைப் பெரிய உறிஞ்சு பொறியாலும் சுழலும் தூரிகையாலும் அகற்றித் தருவோம் என்று நாள்தோறும் தொலைபேசியில் அழைப்போர் அங்கு ஏராளம். வேண்டா அழைப்புகளைத் தவிர்ப்பதற்கென 2008இல் அந்நாட்டரசு ஒரு பெயர்ப்பட்டியலையே ஏற்படுத்தியது. பட்டியலிற் பெயர் பதிந்த பின்னும் குழாய் துப்புரவாக்குவோர் தம்மை விடுவதில்லை என்பது தமையனாரின் முறைப்பாடு.

நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தாரை அழைத்தேன். வந்தவர் பொறியைத் திறந்தும் பாராமல், உட்குழாய்களில் நோய்க்கிருமி இருப்பதாகவும், இரசாயனத்தால் கழுவாவிடின் அம்மாவின் நெஞ்சுக்கு ஆபத்து என்றும் சொன்னார். கேட்ட தொகை என் மாதச் சம்பளத்தில் ஒரு கணிசமான பங்கு. தாயின் நெஞ்சு என்று சொன்னபின் எந்த மகன் விலை பேசுவான்? முற்பணம் கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

அவ்வாரமே பழைய மாணவர் சங்கக் கூட்டமொன்று நிகழ்ந்தது. என்னிடம் தமிழ் கற்று, இலக்கணத்தில் என்றும் தடுமாறி, இன்று குளிரூட்டற் பொறியியலில் நல்ல பெயரெடுத்திருக்கும் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு ஆசிரியரைப் பார்த்துச் சிரித்ததற்கு வருந்தி, "சேர், நம் வீட்டுக் குளிரூட்டியிற் காற்றுக் குழாயே இல்லையே" என்றார். சுவரூடாகச் செல்லும் செப்புக் குழாய்களிற் காற்று ஓடுவதில்லை. குளிர்பதனப் பொருளே ஓடுகிறது. அஃது அடைத்து மூடிய சுற்று. அதனுள்ளே கழுவுவதற்கு ஒன்றுமில்லை. சுவரிலுள்ள பெட்டி அறையின் காற்றையே இழுத்து, குளிர்ந்த சுருளின் மீது செலுத்தி, மீண்டும் அறைக்கே விடுகிறது. வெளிக்காற்றை அது உள்ளே கொண்டுவருவதே இல்லை. இந்த ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. குளிரூட்டி காற்றைப் புதுப்பிக்கும் என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

பின் எதனைத்தான் துப்புரவாக்குவது என்று கேட்டேன். முன் மூடியைத் திறந்தால் ஒரு வலை இருக்கும். அதனை இரு வாரத்துக்கு ஒருமுறை குழாய்நீரிற் கழுவி நிழலில் உலர்த்துக என்றார். சுருளிலும் விசிறிச் சில்லிலும் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா என்று மின்சூள் அடித்துப் பார்க்க வேண்டும். தெரிந்தால் மட்டும் தொழிலாளரை அழைத்துக் கழுவுவிக்க வேண்டும். நீர் வடியும் சிறுகுழாய் அடைபட்டால் நீர் சுவரில் இறங்கும். அதனையும் கவனிக்க வேண்டும். வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று வெளிப்பெட்டியின் தகடுகளை அரிக்குமாதலின் அதனை நன்னீராற் கழுவுவது நன்று. இவ்வளவையும் கைவிரலில் எண்ணிச் சொன்னார். முன்னொரு காலத்தில் வேற்றுமையுருபுகளை அவருக்கு நான் எண்ணிச் சொன்னதும் அவ்விதமே.

அன்றிரவு வலையைக் கழற்றினேன். சாம்பல் நிறக் கம்பளிபோல் தூசு படிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளாக எவரும் அதனைத் தொட்டிலர். கழுவினேன். இருமல் சற்றும் குறையவில்லை.

அதன்பின்னர் நான் இது குறித்துப் படிக்கத் தொடங்கினேன். ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 1997இல் இதே கேள்விக்கென ஒரு கைந்நூல் வெளியிட்டுள்ளது. குழாய்களைத் துப்புரவாக்குவது நோயைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை என்பதே அதன் முடிவு. கண்ணுக்குப் புலனாகும் பூஞ்சணம், எலியோ பூச்சியோ குடிபுகுந்தமை, அறைக்குள் தூசு வந்து கொட்டுமளவுக்கு அடைப்பு ஆகிய இவை காணப்பட்டாற்றான் துப்புரவு செய்விக்கலாம் என்று அது கூறுகிறது. பூஞ்சணத்துக்கு ஊட்டமாகும் ஈரத்தை நிறுத்தாமல் அதனை மட்டும் கழுவினால் அது திரும்பவும் வரும் என்ற எச்சரிக்கையும் உண்டு. கனடாவின் அரச வீடமைப்புக் கூட்டுத்தாபனம் வீடுகளிற் சோதனை செய்து, துப்புரவுக்கு முன்னும் பின்னும் அறைக்காற்றின் தூசளவிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. தமையனாருக்கு இதனை எழுதினேன். அவர் அதுகாறும் மூன்று முறை பணம் செலுத்தியிருந்தார். அவ்விடயத்தை அவர் பிறகு பேசவில்லை.

கிருமி என்ற அச்சத்துக்கும் ஒரு மூலம் உண்டு. 1976 யூலையில் பிலடெல்பியா நகரின் பெருவிடுதி ஒன்றில் முன்னாட் படைவீரர் மாநாடு நடந்தது. அதற்கு வந்தோர் பலர் கடும் நுரையீரற் காய்ச்சலுற்று, 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1977 தொடக்கத்தில் அதன் காரணமான பற்றீரியம் கண்டறியப்பட்டது. வெதுவெதுப்பான தேங்குநீரில் வளர்வது அது. பெருங் கட்டடங்களின் குளிரூட்டற் கோபுரங்களிலிருந்து நுண்டுளியாகப் பரவும். என் தாயாரின் அறைப்பெட்டிக்குக் கோபுரமும் இல்லை, தேங்குநீர்த் தொட்டியும் இல்லை. ஆயினும் விற்க வருவோர் அந்தக் கதையின் நிழலைத் தம்மோடு கொண்டுவருகின்றனர். இன்னொரு செய்தியும் நான் படித்தவற்றுள் இருந்தது. வில்லிஸ் கரியர் என்பார் 1902இல் முதன்முதல் அமைத்த குளிரூட்டும் பொறி மாந்தருக்காகச் செய்யப்பட்டதன்று. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், ஈரத்தால் கடதாசி விரிந்து சுருங்கி வண்ணங்கள் பொருந்தாமற் போகவே, கடதாசிக்காகச் செய்யப்பட்டது. இம்மலரை அச்சிடுவோர் அறிந்து மகிழ்க.

விடையை நான் படித்துக் கண்டேனல்லேன். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. குளிரூட்டி நின்றது, விசிறி நின்றது. அடைத்த அறையில் தாயார் மூச்சுத் திணறி எழுந்து, நடுவிறாந்தையிற் கதிரைபோட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் இரவு நான் வெள்ளவத்தையிலிருந்து சென்று, ஏணியை வைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில், மூன்றாண்டுக்கு முன் நானே அடித்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முதற்பலகையின் பின்புறம் கரும்பச்சையாய்ப் பூஞ்சணம். அடுத்ததிலும் அவ்வாறே. விடிந்தபின் அலுமாரியை நகர்த்திப் பார்த்தேன். அதன் பின்னேயுள்ள சுவர், ஓராள் உயரத்துக்கு, கறுத்துக் கிடந்தது. கூரைப் பீலி ஒன்று வெடித்து மழைநீர் அச்சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை அதுவரை நாங்கள் அறியோம்.

கொழும்பின் காற்றில் ஈரப்பதன் ஆண்டுச் சராசரியாக 75 வீதத்துக்கும் மேல். அதனோடு சுவரின் கசிவும், உறங்குவோரின் மூச்சீரமும் சேர்ந்து வெளியேற வழியின்றி அவ்வறையிற் கிடந்தன. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் நுண்ணிய தூசுப்பூச்சிகள் 50 வீதத்துக்குக் குறைந்த ஈரப்பதனிற் பெருகமாட்டா. எங்கள் அறையோ அவற்றுக்கு அரண்மனை. முன்பு பாட்டியார் காலத்திலும் அந்தப் பீலி ஒழுகியிருக்கலாம். ஒழுகினாலும் மேலே திறந்திருந்த துவாரங்கள் சுவரை உலர்த்தியிருக்கும்.

அன்று பாடசாலையில் எனக்குச் சிலப்பதிகார வகுப்பு. புகார் நகரத்து மாளிகைகளின் சாளரங்களை மானின் கண்ணுக்கு ஒப்பிட்டு இளங்கோவடிகள் காலதர் என்ற சொல்லால் குறிக்கும் இடம். காலதர் என்பதற்குப் பொருள் யாது? கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. யன்னல் என்று நாம் வழங்குவது போர்த்துக்கேயர் தந்த சொல். சாளரம் வடசொல் வழி வந்தது. காலதரோ நம் சொல், அதன் தொழிலைத் தன் பெயரிலேயே உடையது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் கற்ற நாள்முதல் இவ்விளக்கத்தை எத்தனை வகுப்புகளிற் சொல்லியிருப்பேன்! அன்றைக்கு அதனைச் சொல்லி முடித்தபொழுது என் நகக்கண்ணில் முன்னிரவின் சீமெந்துத் தூள் இன்னும் இருந்தது. மாணவரைப் பாராமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பீலியை மாற்றினோம். சுவரின் சாந்தைப் பெயர்த்து, உலரவிட்டு, மீளப் பூசினோம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஓரடி விலக்கி வைத்தோம். தாயாரின் இருமல் அவ்வாண்டு ஆடிக்குள் பெரிதும் தணிந்தது. முற்றாக நின்றது என்று எழுதினால் பொய்யாகும். உறிஞ்சும் மருந்தை அவர் ஒழுங்காக எடுக்கத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல நான் மருத்துவனல்லன்.

கழுவுதலே வேண்டா என்பது என் கட்சி என்று எவரும் கொள்ளலாகாது. அடுத்த ஆண்டு, வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியில் இதே வழக்கு வேறு உருவில் வந்தது. ஒரு நிறுவனத்தார், வீடுதோறும் குளிரூட்டியின் குழாய்களையும், குளியலறைகளின் காற்றுப்போக்கிக் கூண்டையும் சேர்த்துத் துப்புரவாக்க ஒரே தொகை கேட்டனர். முகாமைக் குழுவிற் சிலர் இரண்டும் வேண்டும் என்றனர். சிலர் இரண்டும் வீண் என்றனர். மின்கட்டணம் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறியிருந்த காலமாதலின், வீண் என்றோர் குரலே ஓங்கிற்று. நான் ஒரு சிறு வேண்டுகோள் மட்டும் விடுத்தேன். வாக்கெடுப்புக்கு முன் ஒருமுறை போய்ப் பார்ப்போம்.

மொட்டைமாடிக்கு ஏறினோம். கூண்டின் வாய்க்கு இடவேண்டிய வலை துருப்பிடித்து விழுந்திருந்தது. உள்ளே விளக்கு அடித்தால், மூன்று மாடி ஆழத்துக்குப் புறாக் கூடுகள், எச்சம் அடையடையாக. ஐந்தாம் மாடிக் குளியலறையின் துவாரம் முற்றாக அடைபட்டிருந்தது. அவ்வீட்டுப் பிள்ளை நெடுநாளாக இருமுகிறது என்பதை அதன் தாய் அப்பொழுதுதான் சொன்னார். புறா எச்சம் உலர்ந்து தூளானால் அதிலிருந்து எழும் பூஞ்சண வித்துகளும் புரதத்தூளும் நுரையீரலைத் தாக்கவல்லன. அதனை உலர்ந்தபடியே பெருக்குவது பெருங்கேடு. நீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து அள்ள வேண்டும். நிறுவனத்தார் ஒரு பையனை வெறுங்கையோடு விளக்குமாறு கொடுத்து இறக்க இருந்தனர். அதனை நான் கடுமையாக மறுத்தேன். அன்று சிறிது குரல் உயர்த்தியும் பேசினேன்; பின்பு அதற்காக வருந்தவில்லை. முடிவில் கூண்டைத் துப்புரவாக்கினோம், புது வலை இட்டோம். குளிரூட்டிக் குழாய்களுக்கான தொகை நீக்கப்பட்டது. வலை கழுவும் முறையை வீடுவீடாகக் காட்டிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குசினிப் புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கையும் அப்பொழுது பார்த்தோம், அது தீப்பற்றத்தக்கது. இரண்டு வீடுகளில் அதனையும் உடனே அகற்றுவித்தோம்.

கொட்டாஞ்சேனை வீட்டில் இப்பொழுது திறப்புகளுக்கு நுளம்புவலைச் சட்டங்களும், கயிறிழுத்து மூடும் சிறு கதவுகளும் உள்ளன. நடுப்பகலில் குளிரூட்டி ஓடும் இரண்டு மணி நேரம் மூடுவோம். மற்றைய நேரமெல்லாம் திறந்திருக்கும். வலையில் துறைமுகப் பக்கத்துப் புழுதி விரைவிற் படிகிறது. சென்ற தையிலும் பொங்கலுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை, சால்வையைத் தலையிற் சுற்றி, கம்பிற் கட்டிய விளக்குமாற்றோடு கதிரைமீது ஏறினேன். தாயார் கீழே அமர்ந்து, கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளி, "தம்பி, அந்த இடது மூலையை விட்டிட்டாய்" என்று சுட்டிக் காட்டினார்.